மைனஸ் இரண்டரை பெரியதா, மைனஸ் ஒன்றரை பெரியதா?

அம்பைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கும் எனக்கும் நான்கு நாள்களாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. அதில் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்பதால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

மூன்றாம் பருவக் கணக்குப் புத்தகத்தில் முழுக்கள் பாடம் தொடங்கியிருக்கிறது. −7, −3 ஆகிய இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு அவள் −7 என்று எழுதியிருந்தாள். நான் எண்கோட்டை வரைந்து, பூச்சியத்துக்கு இடப்பக்கம் போகப் போக எண் சிறிதாகிக்கொண்டே வரும் என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, "போன வருசம் மைனஸ் ஒன்னரை, இப்ப மைனஸ் ரெண்டரை. பவர் கூடிட்டுன்னு டாக்டரே சொன்னாவல்லா? கூடுனா பெருசுதானம்மா?" என்று கேட்டாள். அவளிடம் எண்கோட்டை மறுபடி காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதனால் அவள் சமாதானமாகவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். என் மாமியார் வீட்டு முகப்பில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார்கள். மாலையில் ஆச்சிக்குத் துணையாகக் கடன் நோட்டு எழுதுவது இவள்தான். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதில் இதுவரை ஒரு பிழை வந்ததில்லை. மூன்று ரூபாய் கொண்டுவந்து ஐந்து ரூபாய்க்குச் சாமான் வாங்கிப்போகிறவர் பெயருக்கு நேராக இரண்டு ரூபாய் பாக்கி என்று கண் இமைக்காமல் எழுதுகிறாள். ஆனால் 3 − 5 என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் "முடியாது" என்று எழுதுகிறாள். இரண்டும் ஒன்றுதானே என்றால், "பாக்கி ரெண்டு ரூவாதான். மைனஸ் ரெண்டு எங்கருந்து வந்துச்சு?" என்கிறாள்.

வெப்பநிலையை வைத்துச் சொல்லலாம் என்றால், நம் ஊரில் மார்கழி விடியலில்கூடப் போர்வை ஒன்று போதும். உறைநிலைக்குக் கீழே என்பது அவளுக்குக் கதைப்புத்தகச் செய்தி. ஐஸ்கிரீம் கடைப் பெட்டியில் −18 என்று ஒளிர்வதைக் காட்டினேன். அந்தக் கோட்டை இத்தனை நாளும் அலங்காரக் கோடு என்று நினைத்திருந்தாளாம்.

"மைனஸ் மைனஸ் ப்ளஸ்" என்று பாட்டாகப் பாடித்தான் நான் இந்தப் பாடத்தைத் தாண்டினேன். இவளும் அப்படித் தாண்டவேண்டாம் என்று நினைக்கிறேன். கண்ணாடிக் கேள்விக்கு நேர்மையான பதில் என்ன? அன்றாட வாழ்விலிருந்து எதை எடுத்துக் காட்டினால் இவளுக்குப் பிடிபடும்?

பாளை கணக்காசிரியர் (ஓய்வு):

அம்மா, உங்கள் மகள் கேட்டதில் தவறு இல்லை என்பதை முதலில் அவளிடமே சொல்லிவிடுங்கள். முப்பது ஆண்டுக்கு மேல் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: −7 பெரியது என்று எழுதும் பிள்ளைகளில் பலர் அறியாமல் எழுதுவதில்லை, நாம் கேட்காத வேறொரு கேள்விக்குச் சரியான விடை எழுதுகிறார்கள். "எவ்வளவு?" என்பது ஒரு கேள்வி, "எங்கே?" என்பது இன்னொரு கேள்வி. இல்லாமையின் அளவு எவ்வளவு என்று கேட்டால் ஏழுதான் மூன்றைவிடப் பெரிது. கோட்டில் எங்கே நிற்கிறது என்று கேட்டால் −7 கீழே நிற்கிறது. பூச்சியத்துக்கு வலப்பக்கம் இருக்கும்வரை இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வந்ததால், ஐந்தாம் வகுப்புவரை அவற்றைப் பிரித்துப் பார்க்கவேண்டிய தேவையே பிள்ளைக்கு வரவில்லை. இப்போதுதான் அவை முதன்முறையாகப் பிரிகின்றன. மருத்துவர் "பவர் கூடிவிட்டது" என்றபோது எவ்வளவு என்பதைச் சொன்னார். நீங்கள் எங்கே என்பதைச் சொன்னீர்கள்.

நம் பக்கத்துக் கிணற்றுப் பேச்சிலும் இதே சிக்கல் உண்டு. "போன மாசம் முப்பது அடியில கெடந்த தண்ணி இப்ப நாப்பது அடிக்குப் போயிட்டு" என்கிறோம். எண் கூடியிருக்கிறது, தண்ணீர் இறங்கியிருக்கிறது, யாருக்கும் குழப்பமில்லை. ஏனென்றால் "கீழே" என்ற திசையை எண்ணிடம் கொடுக்காமல் சொல்லிடம் கொடுத்துவிட்டோம். ஆச்சி கடையிலும் நடப்பது அதுதான். "பாக்கி" என்ற சொல்லே திசையைச் சுமந்துகொள்வதால், எண்ணுக்கு முன்னால் கோடு போடவேண்டிய வேலை உங்கள் மகளுக்கு இல்லை. மைனஸ் இரண்டு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்பது மிகச் சரியான கேள்வி. அது எங்கிருந்தும் வரவில்லை. அன்றாடப் பேச்சுக்கு அது தேவைப்படவே இல்லை. கடன் கதையைச் சொன்னால் குறை எண் தானாகப் புரிந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். பிள்ளையோ அந்தக் கதையைக் குறை எண் இல்லாமலேயே தீர்த்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது.

அதிலும் "பாக்கி" பொல்லாத சொல். பத்து ரூபாய்த் தாளை வாங்கிக்கொண்டு அண்ணாச்சி "பாக்கிய பெறகு வாங்கிக்கோ" என்றால் அது நமக்கு வரவேண்டியது. "பாக்கி எப்ப தருவிய?" என்றால் நாம் தரவேண்டியது. "சட்டியில கொழம்பு பாக்கி இருக்கு" என்றால் மிச்சம். கணக்கு வகுப்பில் "எட்டில் ஐந்து போக பாக்கி என்ன?" என்று கேட்பதும் இதே சொல்லால்தான். ஒரே சொல் இரு திசையிலும் ஓடுவதால், யார் யாரிடம் பேசுகிறார் என்பதை வைத்துத்தான் பிள்ளை திசையை அறிகிறது. ஆகவே கடன் நோட்டைப் பயன்படுத்துவதானால், யாருடைய நோட்டு என்று கேளுங்கள். ஆச்சியின் கணக்கில் +20 ஆக இருக்கும் அதே தொகை, வாங்கிப்போனவர் வீட்டுக் கணக்கில் −20. இரண்டு நோட்டையும் அவளே எழுதட்டும். அப்போது கோட்டுக்கு ஒரு வேலை வரும்.

இன்னொரு யோசனை. −5 என்பதை "கழித்தல் ஐந்து" என்று வாசிக்காமல் "குறை ஐந்து" என்று வாசிக்கப் பழக்குங்கள். 8 − 5 இல் உள்ள கோடு ஒரு செயல், −5 இல் உள்ள கோடு எண்ணின் இயல்பு. இந்த வேறுபாட்டுக்குப் பாடப்புத்தகத் தமிழிலேயே இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. நாமோ இரண்டையும் "மைனஸ்" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

எடுத்துக்காட்டு கேட்டீர்கள். நாளிதழில் மழைக்காலத்தில் நாள்தோறும் வரும் அணை நீர்மட்டத்தைவிட நல்லது நம் மாவட்டத்தில் இல்லை என்பேன். பாபநாசம் அணையின் உச்ச மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. உங்கள் ஊரிலிருந்து இரண்டும் கூப்பிடு தூரம். பிள்ளை நேரில் பார்த்திருப்பாள். நேற்று 121 அடி, இன்று 118 அடி என்றால் மாற்றம் −3. மறுநாள் மழையில் 5 அடி ஏறினால் +5. இங்கே குறை எண் ஒரு பொருளின் அளவாக வராமல் ஒரு நகர்வாக வருகிறது; நகர்வுக்குத் திசை உண்டு என்பதைப் பிள்ளை எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

ஒரு வாரம் கழித்து, நிரம்பிய மட்டத்தைப் பூச்சியம் என்று வைத்துக்கொள்வோமா என்று கேளுங்கள். பாபநாசத்தில் 121 அடி இருந்தால் அது −22. மணிமுத்தாற்றில் 100 அடி இருந்தால் அது −18. அடிக்கணக்கில் பார்த்தால் பாபநாசம் மேலே, நிரம்பும் கணக்கில் பார்த்தால் மணிமுத்தாறு மேலே. இரண்டும் உண்மை. பூச்சியம் என்பது "ஒன்றுமில்லை" அன்று, நாம் ஊன்றிய முளைக்குச்சி என்பது புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. "ஒன்றுமில்லாததைவிடக் குறைவாக எப்படி இருக்கமுடியும்?" என்ற திகைப்பு, பூச்சியத்தை வெறுமை என்று மட்டும் கற்பித்ததால் வருகிறது.

லென்ஸ் கடை:

நான் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி விஷயம் வந்துவிட்டதால் இரண்டு வார்த்தை.

பவரில் பூச்சியம் என்றால் வெறும் சாதாரணக் கண்ணாடி. நடு தடித்து ஒளியைக் குவிக்கும் லென்ஸ் ப்ளஸ், நடு மெலிந்து ஒளியை விரிக்கும் லென்ஸ் மைனஸ். ப்ளஸ் பக்கம் போனாலும் மைனஸ் பக்கம் போனாலும் "பவர் கூடுகிறது" என்றுதான் தொழிலில் சொல்கிறோம். வெறும் கண்ணாடியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அதன் பொருள். ஆசிரியர் ஐயா சொன்ன "எவ்வளவு" அதுதான். கண்ணாடி இல்லாமல் உங்கள் மகளுக்கு எதுவரை தெளிவாகத் தெரியும் என்று அளந்து பாருங்கள். −1.5 இருந்தபோது ஏறத்தாழ 67 செ.மீ. வரை தெரிந்திருக்கும், −2.5இல் 40 செ.மீ. அளவோடு நின்றுவிடும். 1ஐ 2.5ஆல் வகுத்தால் வருகிற 0.4 மீட்டர்தான் அது. பவர் கூடியது, பார்வை எல்லை குறைந்தது.

அவளுக்குக் காட்டவேண்டிய காட்சி ஒன்று எங்கள் கடையில் உண்டு. ஒரு மைனஸ் லென்ஸைக் கண்ணுக்கு முன் சற்றுத் தள்ளிப் பிடித்து, அதன் வழியே தூரத்துச் சுவர்க்கோட்டைப் பார்த்தபடி லென்ஸை வலப்பக்கம் அசைத்தால், கோடும் வலப்பக்கமே நகரும். ப்ளஸ் லென்ஸில் கோடு எதிர்ப்பக்கம் ஓடும். −2.5 லென்ஸையும் +2.5 லென்ஸையும் ஒட்டிச் சேர்த்து வைத்து அசைத்தால் கோடு அசையாமல் நிற்கும். இரண்டும் சேர்ந்து வெறும் கண்ணாடியாகிவிட்டன. பவர் பார்க்கும் கருவி வருவதற்கு முன்பு, கொண்டுவந்த பழைய கண்ணாடியின் பவரை இப்படித்தான் கையால் கண்டுபிடித்தார்கள்: எந்த எதிர் லென்ஸை வைத்தால் அசைவு நிற்கிறதோ, அதன் எதிரெண்தான் விடை. (−2.5) + (+2.5) = 0 என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அருகிலுள்ள எந்தக் கடையிலும் கேட்டால், கூட்டம் இல்லாத நேரத்தில் காட்டுவார்கள்.

ஐந்தாம் டெஸ்ட்:

கிரிக்கெட் பார்க்கும் வீடாக இருந்தால் புள்ளிப்பட்டியலில் உள்ள நிகர ரன் விகிதத்தைக் காட்டுங்கள். நாம் ஓவருக்கு அடித்த சராசரியிலிருந்து எதிரணிக்கு ஓவருக்குக் கொடுத்த சராசரியைக் கழித்து வருவது அது. புள்ளிகள் சமமாக இருந்தால் −0.35 உள்ள அணி −0.80 உள்ள அணிக்கு மேலே நிற்கும். எங்கள் தெருப் பையன்கள் யாரும் இதில் தவறியதில்லை, ஏனென்றால் தங்கள் அணி மேலே போகவேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இருக்கிறது. கண்ணாடி "எவ்வளவு" என்று கேட்கிறது. பட்டியல் "யார் மேலே" என்று மட்டுமே கேட்கிறது. −7, −3 கணக்குக்கு இது போதும்.

கேரம் பலகையும் உதவும். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்துவிட்டால், போட்ட காயில் ஒன்றை எடுத்து வைக்கவேண்டும். கையில் ஒரு காயும் இல்லாதபோது ஸ்ட்ரைக்கர் விழுந்தால் அது கடனாக நிற்கும். அடுத்து விழும் முதல் காய் அந்தக் கடனுக்குப் போய்விடும். ஒரு காய் போட்ட பிறகும் கையில் ஒன்றும் இல்லை என்ற எரிச்சல் இருக்கிறதே, (−1) + 1 = 0 என்பதை அதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது.

வண்ணாரப்பேட்டை வாசகன்:

மேலே உள்ளவர்களின் எடுத்துக்காட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. என்றாலும் சற்று மாறுபடுகிறேன். அன்றாட வாழ்க்கையிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கை ஓர் எல்லைக்கு மேல் பிள்ளையை ஏமாற்றிவிடும்.

கடன் உவமை நேற்று வந்ததன்று. பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டில் எழுதிய நூலில் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ருணம், அதாவது கடன், என்றும் அழைத்துத்தான் விதிகளைச் சொன்னார். பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் தனம், இரண்டு கடன்களின் பெருக்கல் தனம் என்று அவர் வகுத்த விதிகளே இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் கடனைக் கடனால் பெருக்குவது என்றால் என்ன? அண்ணாச்சி கடைப் பாக்கியை வங்கிக் கடனால் பெருக்கினால் வீட்டுக்குப் பணம் வருமா? பெயர் கடனாக இருந்தாலும், அந்த இடத்தில் விதி கதையைவிட்டு வெளியே வந்துவிட்டது.

கதைக்குள்ளேயே நின்றவர்கள் தடுமாறியதும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியர் தம் பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்குச் சொல்கிறார். ஒரு கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, வந்ததன் வர்க்கம் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன, மரக்கிளையில் ஒன்று மட்டும் தெரிகிறது, கூட்டம் எத்தனை? 50 என்றால் பொருந்துகிறது: பத்தில் மூன்று போக ஏழு, அதன் வர்க்கம் 49, கிளையில் ஒன்று. 5 என்றாலும் பொருந்துகிறது: ஒன்றில் மூன்று போக −2, அதன் வர்க்கம் 4, கிளையில் ஒன்று. ஆனால் ஒன்றில் மூன்று குரங்கைக் கழிப்பது உலகத்தார் மனத்துக்கு ஒவ்வாது என்று இரண்டாம் விடையை அவர் ஒதுக்கிவிட்டார். அவ்வளவு பெரிய கணித அறிஞரே குரங்கை நினைத்துத் தயங்கியிருக்க, ஆறாம் வகுப்புப் பிள்ளை "முடியாது" என்று எழுதுவதில் வியப்பென்ன?

ஆகவே, கதையோடு கூட, கதையில்லாத ஒரு பொருளையும் கையில் கொடுங்கள். நம் வீடுகளில் தாயம் விளையாடப் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்வோமே, அதில் இருபது போதும். வெள்ளைமுகம் +1, கறுப்புமுகம் −1. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் பூச்சியம், அந்த இணையை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், விதி இவ்வளவே. 3 − 5 என்றால் மூன்று வெள்ளை இருக்கிறது, ஐந்து வெள்ளையை எடுக்கவேண்டும், முடியாது. இரண்டு இணைகளைச் சேர்த்துக்கொண்டால் ஐந்து வெள்ளையும் இரண்டு கறுப்பும் ஆகும். ஐந்து வெள்ளையை எடுத்தால் இரண்டு கறுப்பு மிஞ்சும். 3 − (−2) என்றால் இரண்டு கறுப்பை எடுக்கவேண்டும். அதற்கும் இரண்டு இணைகளைச் சேர்த்துக் கறுப்பை மட்டும் எடுத்தால் ஐந்து வெள்ளை. "மைனஸ் மைனஸ் ப்ளஸ்" என்ற பாட்டு எங்கும் வரவில்லை. சீனத்தில் 3ஆம் நூற்றாண்டிலேயே லியு ஹுய் மிகை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்று வைத்துக் கணக்குப் போடும் முறையை விளக்கியிருக்கிறார். நமக்குக் குச்சிக்குப் பதில் கொட்டை.

பாளை கணக்காசிரியர் (ஓய்வு):

வண்ணாரப்பேட்டை அன்பரின் மறுப்பை ஏற்கிறேன். ஆனால் முழுவதுமாக அன்று. ஒரே கதையை எல்லாச் செயலுக்கும் இழுக்கக்கூடாது என்பது சரி. கூட்டலுக்கு கேரம் போதும், வரிசைக்குக் கிரிக்கெட் பட்டியல் போதும், கழித்தலுக்குப் புளியங்கொட்டை நன்று. பெருக்கலுக்குக் கதையே கிடையாது என்பதை மட்டும் ஒப்பமாட்டேன். கொட்டைகளை வைத்து (−2) × (−3) போட முயன்றால்தான் கதை திண்டாடும். அதற்கு அணைக்கே திரும்பி வரலாம், ஆனால் பிள்ளை கேட்கும்வரை காத்திருப்பது நல்லது. ஏழாம் வகுப்பில்தான் அந்தப் பாடம் வருகிறது.

அம்பைக்காரி:

அனைவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

கண்ணாடிக் கடையில் அந்த இரண்டு லென்ஸ் வித்தையைக் காட்டினார்கள். சுவர்க்கோடு அசையாமல் நின்றதைப் பார்த்ததும் அவள் சொன்னது: "அப்ப எனக்கு ப்ளஸ் ரெண்டரை கண்ணு இருக்கு, அதுக்குத்தான் மைனஸ் ரெண்டரை போட்டிருக்காவ." இது சரியா என்று கடைக்காரரிடம் கேட்டேன். கிட்டப்பார்வைக் கண் ஒளியைத் தேவைக்கு மேல் குவிப்பதால் ஒரு வகையில் சரிதான் என்றார். கூடியது எது, குறைந்தது எது என்ற வழக்கு அங்கே முடிந்தது. இப்போது −7, −3 என்று கேட்டால், "எவ்வளவுன்னா ஏழு, எங்கன்னா மூணு மேல" என்று இரண்டு விடையும் சொல்கிறாள். தேர்வில் எது எழுதவேண்டும் என்பதையும் தனியாகச் சொல்லிக்கொடுக்கவேண்டியிருந்தது.

இரண்டு நோட்டு யோசனை நான் எதிர்பாராத இடத்துக்குப் போனது. ஆச்சி நோட்டு, வாங்குகிறவர் நோட்டு இரண்டையும் எழுதிப் பார்த்தவள், எல்லாவற்றையும் கூட்டினால் பூச்சியம் வருகிறது என்று கண்டுபிடித்து ஆச்சியிடம் போய், "மொத்தத்துல யாருக்கும் கடனே இல்ல ஆச்சி" என்றாள். ஆச்சிக்கு அந்தக் கணிதம் பிடிக்கவில்லை.

புளியங்கொட்டையில் ஓர் இடறல் ஏற்பட்டது. பூச்சிய இணைகளைச் சேர்ப்பதை அவள் முதலில் ஏமாற்று என்று நினைத்தாள். இல்லாததைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எடுப்பது எப்படி நியாயம் என்று கேட்டாள். ஒருவர் கையில் பத்து ரூபாயைக் கொடுத்து, பத்து ரூபாய் கடன் என்றும் எழுதிக்கொண்டால் அவர் நிலைமை மாறியதா என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "நெலம மாறல, ஆனா கையில காசு இருக்கு" என்றாள். அதன்பிறகு கொட்டை நகர்ந்தது.

அணைக் கணக்கையும் நாள்தோறும் எழுதி வருகிறாள். அதில்தான் ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. "தெனமும் ரெண்டு அடி கொறஞ்சா, மூணு நாளைக்கு முன்னால எவ்வளவு இருந்திருக்கும்?" என்று அவளே கேட்டுக்கொண்டு, ஆறு அடி கூடுதல் என்று சொல்லிவிட்டாள். இதுதான் நீங்கள் காத்திருக்கச் சொன்னதா?

பாளை கணக்காசிரியர் (ஓய்வு):

அதுவேதான் அம்மா. நாளொன்றுக்கு மாற்றம் −2. மூன்று நாளுக்குப் பின் என்றால் +3, மூன்று நாளுக்கு முன் என்றால் −3. (−2) × (+3) = −6, அதாவது மூன்று நாளில் ஆறு அடி இறங்கும். (−2) × (−3) = +6, அதாவது மூன்று நாளுக்கு முன் ஆறு அடி மேலே இருந்தது. விடையை அவள் முன்பே சொல்லிவிட்டதால், நீங்கள் செய்யவேண்டியது அதைக் குறியால் எழுதிக் காட்டுவது மட்டும்தான். இரண்டு நாள் முன்பு, ஒரு நாள் முன்பு, இன்று, நாளை என்று நான்கைந்து வரி வரிசையாக எழுதட்டும். 4, 2, 0, −2 என்று விடைகள் தாமே இறங்குவதைப் பார்ப்பாள். இன்றைய மட்டம்தான் இங்கே பூச்சியம் என்பதை மறக்காமல் கேளுங்கள்.

சிவகளைப் பக்கம்:

நான் வரலாற்று ஆசிரியர். காலக்கோட்டைக் குறை எண்ணுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா? எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். மாணவர்கள் அதை −1155 என்று எழுதி, 2025 வரை 3180 ஆண்டு என்று கணக்கிட்டார்கள். நானும் சரி என்று திருத்திவிட்டேன்; இப்போது ஐயமாக இருக்கிறது.

பாளை கணக்காசிரியர் (ஓய்வு):

காலக்கோட்டைக் கட்டாயம் சொல்லலாம். வரிசைக்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. கி.மு. 300ஐவிடக் கி.மு. 1155 முந்தையது என்பதில் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. ஆனால் விடை 3180 அன்று, 3179. கி.மு. 1ஆம் ஆண்டுக்கு அடுத்தது நேராகக் கி.பி. 1ஆம் ஆண்டு, அந்தக் கோட்டில் பூச்சியம் என்று ஓர் ஆண்டே இல்லை. கி.மு. 1இலிருந்து கி.பி. 1 வரை எத்தனை ஆண்டு என்று வகுப்பில் முதலில் கேளுங்கள். இரண்டு என்பவர்களையும் ஒன்று என்பவர்களையும் வாதாடவிட்டு, பிறகு நெல்லுக்கு வாருங்கள்.